பன்னிரண்டு ப்ளக், ஆறு காயில்

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுத் தம்பி போன ஐப்பசியில் ஒரு பென்ஸ் வாங்கினான். இ240, 2004 மாடல், மூன்றாவது கை. இன்று ஷோரூமில் நிற்கிற சின்னக் கார்களின் விலையைவிடக் குறைவாகவே முடிந்தது. அப்பாவை அதில் உட்காரவைத்து ஒருமுறை திருப்பதி போய்வர வேண்டும் என்பது அவனுடைய பல நாள் ஆசை. கார்த்திகை மழை பிடித்ததும் வண்டி படுத்த ஆரம்பித்தது.

“மிஸ்ஸிங் அடிக்குதுண்ணா. சிக்னல்ல நிக்கும்போது சீட்டே நடுங்குது. ஏ.சி. போட்டா இன்னும் மோசம்” என்று ஒரு தாளை நீட்டினான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட். ஆறு இக்னிஷன் காயில், பன்னிரண்டு ப்ளக், பன்னிரண்டு ப்ளக் வயர், ஏர் ஃப்ளோ சென்சார், த்ராட்டில் பாடி சர்வீஸ், கூலி. கூட்டுத்தொகை வண்டி வாங்கிய விலையில் கால்வாசியைத் தாண்டியிருந்தது. அந்தத் தாளில் நான் தேடிய ஒரு வரியை மட்டும் காணோம். எதைச் சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

“இதுக்கு வண்டியைக் கவர் போட்டு மூடிட்டு பஸ்ல போயிடலாம் போலிருக்குண்ணா” என்றான். பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி வாங்கியவர்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். நல்ல எஞ்ஜின், நல்ல பாடி எல்லாம் மரத்தடியில் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதனால் அவனை முனைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு டீ சொன்னேன். அங்கே அவனுக்குச் சொன்னதையும் அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

டீ மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை அழுத்தினார். டக்கென்று ஒரு பொறி, அடுப்பு எரிந்தது. எஞ்ஜினுக்குள் ப்ளக் செய்வதும் இந்த வேலைதான். ஆனால் அங்கே பெட்ரோலும் காற்றும் கலந்து இறுக்கமாக அமுக்கப்பட்டிருக்கும். அந்த அமுக்கத்துக்குள் பொறி தாவ வேண்டும். பேட்டரியிடம் இருப்பதோ 12 வோல்ட். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கில் வோல்ட் வேண்டும்; தேவைப்பட்டால் இருபதாயிரத்துக்கும் மேலே. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது காயில். உள்ளே தடித்த கம்பிச் சுற்று ஒன்று, மயிரிழைபோல மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று. தடித்த சுற்றில் ஓடும் கரண்டைச் சட்டென்று துண்டித்தால் மெல்லிய சுற்றில் அந்த உயர் வோல்ட் பிறக்கும். அது வயர் வழியாக ப்ளக் நுனிக்கு வந்து தாவும்.

வண்டி 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒவ்வொரு ப்ளக்கும் நொடிக்கு 25 தடவை இதைச் செய்கிறது. இந்த எஞ்ஜினில் பன்னிரண்டு ப்ளக். ஆகவே நொடிக்கு 300 பொறி.

“ஆறு சிலிண்டருக்கு எதுக்குண்ணா பன்னிரண்டு?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1997-இல் பென்ஸ் கொண்டுவந்த எம்112 என்ற வி6 எஞ்ஜின் இது. பெயர் 240 என்றாலும் இவனுடைய வண்டியில் இருப்பது 2,597 சிசி. அந்தக் காலத்தில் மற்றவர்கள் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்துக்கொண்டிருக்க, பென்ஸ் மூன்றே வைத்தது: காற்று உள்ளே வர இரண்டு, புகை வெளியேற ஒன்று. புகை போகும் வழி ஒன்றே என்றால் சூடு வழியில் அதிகம் வீணாகாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடேறி வேலையை ஆரம்பிக்கும். இப்படிக் கிடைத்த இடத்தில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ப்ளக் வைத்து, எரிதல் இரண்டு புறமிருந்தும் பரவும்படி செய்தார்கள். 2003-இல் வந்த டிடிஎஸ்-ஐ பல்சரில் நாம் பார்த்த இரட்டை ப்ளக்கும் இதே வழிதான். பென்ஸில் சிலிண்டருக்கு ஒரு காயில் பெட்டி, அதற்குள் இரண்டு காயில், அதிலிருந்து இரண்டு வயர்.

இதில் நோயாளி ஏமாற்றுகிற ஒரு இடம் உண்டு. பெட்டிக்குள் ஒரு பாதி செத்தாலும் மறுபாதி பொறியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண காரில் ஒரு காயில் போனால் ஒரு சிலிண்டரே நின்றுவிடும், குழந்தைக்கும் தெரியும். இந்த வண்டியில் சிலிண்டர் பாதி உயிரோடு நொண்டிக்கொண்டே மாதக்கணக்கில் ஓடும். ஐடிலில் ஒரு நடுக்கம், ஏ.சி. போட்டால் கொஞ்சம் இழுவை, ஃப்ளைஓவர் ஏறும்போது பிக்கப் குறைவு என்று மட்டும் தெரியும். ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். காயில் விலை ஒன்றுமில்லை என்று சொல்ல வைக்கிற செலவு அது. செக் எஞ்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்துவதே சிக்கனம்.

காயில் ஏன் சாகிறது என்பதை அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன், ஏனென்றால் முழுச் செலவும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பொறி தாவத் தாவ ப்ளக் நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், இடைவெளி அகலும். இடைவெளி அகன்றால் தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும். காயில் அதையும் கொடுக்கப் பார்க்கும். எஞ்ஜின் தலைமேல் வெந்துகொண்டிருக்கிற காயிலுக்குள், அந்த மயிரிழைக் கம்பிகளைப் பிரித்து வைத்திருக்கும் காப்புப் பூச்சு ஒருநாள் தோற்கும். கரண்ட் ப்ளக்குக்குப் போகாமல் உள்ளேயே குறுக்கு வழி பிடிக்கும். ஆக, பல நேரம் காயிலைக் கொன்றது மாற்றாமல் விட்ட ப்ளக். புதுக் காயில் போட்டு, பழைய ப்ளக்கை அப்படியே விட்டால் அதுவும் அதே வழியில் போகும். இந்த எஞ்ஜினுக்கு ப்ளாட்டினம் ப்ளக். அமெரிக்காவில் கம்பெனி சொன்ன கெடு ஒரு லட்சம் மைல், அதாவது 1,60,000 கிலோமீட்டர். மூன்றாவது கை வண்டியில் மீட்டரை நம்ப வேண்டாம், முந்தையவர் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

டீயைக் குடித்துவிட்டு வண்டிக்குப் போனோம். டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் இருக்கிறது. என்னிடம் இருப்பது செல்போனோடு பேசும் சின்ன ரீடர். பென்ஸுக்கென்று உள்ள பெரிய ஸ்கேனர் அளவுக்கு அது ஆழமாகப் படிக்காது, ஆனால் எந்த சிலிண்டரில் மிஸ் என்று சொல்லிவிடும். கோடு வந்தது: பி0303. கடைசி எண்தான் சிலிண்டர். பி0301 என்றால் ஒன்று, பி0306 என்றால் ஆறு, பி0300 என்றால் குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி பல இடத்தில். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் வலதுகைப் பக்க வரிசை முன்னிருந்து பின்னாக 1, 2, 3. இடதுகைப் பக்கம் 4, 5, 6. மூன்றாவது சிலிண்டர் வலது வரிசையில் கடைசி, டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கிற தடுப்புச் சுவரை ஒட்டி. காற்றே போகாத சூடான மூலை.

கோடு வந்ததும் காயில் வாங்க ஓடக் கூடாது. மூன்றில் மிஸ் என்றுதான் அது சொன்னது. காயில் போச்சு என்று சொல்லவில்லை. காயில், வயர், ப்ளக், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, வால்வு, எதுவாகவும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக் காசே செலவில்லாத வழி ஒன்று உண்டு. எஞ்ஜின் நன்றாக ஆறியபின் மேலே உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எடுத்தோம். மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவது இடத்தில் போட்டோம், இரண்டாவதை மூன்றில். வயரையும் ப்ளக்கையும் தொடவில்லை. கோடை அழித்துவிட்டு வேளச்சேரி வரை ஒரு சுற்று. திரும்பி வந்து பார்த்தால் பி0302. நோய் காயிலோடு இடம் மாறிவிட்டது. அந்த ஒரு காயில்தான் குற்றவாளி, மற்ற ஐந்தும் நிரபராதி. கோடு மூன்றிலேயே நின்றிருந்தால் அடுத்தது ப்ளக்கை இடம் மாற்றியிருப்போம், அதற்கடுத்தது வயரை. மூன்றும் மாற்றியும் நகராவிட்டால் அது இக்னிஷன் பக்கமே இல்லை. இக்னிஷன் சாமான் வாங்குவதை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து மூன்றாவது சிலிண்டரின் ப்ளக் இரண்டையும் கழற்றினேன். இந்த எஞ்ஜினில் ப்ளக் பக்கவாட்டில், சைலன்சர் மேனிஃபோல்டின் அனலுக்கு மேலேயே இருக்கும். அதனால் வயரின் தொப்பியைச் சுற்றி உலோக உறை போட்டிருப்பார்கள். வயரைப் பிடித்து இழுத்தால் கையோடு அறுந்து வரும். உறைக்கு அடியில் 17 நம்பர் ஸ்பேனரின் திறந்த வாயைக் கொடுத்து மெதுவாக நெம்ப வேண்டும். கழற்றிய ப்ளக்கை வெளிச்சத்தில் வைத்துத் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். நுனி முனை மழுங்கி, இடைவெளி புதுப் ப்ளக்கைவிடக் கண்ணுக்கே தெரிகிற அளவு அகன்றிருந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. “அழுக்காண்ணா?” என்று விரலால் தேய்த்தான். போகவில்லை. கரண்ட் உள்ளே போக வழியில்லாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே ஓடிய தடம் அது. தொப்பியின் ரப்பரும் உள்பக்கம் வெடித்திருந்தது. மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் கூடியது ஏன் என்பதற்குப் பதில் அந்த வெடிப்பில் இருந்தது. ஈரம் கரண்டுக்கு வழிவிடும்.

வயர்க் கசிவு மோட்டார் காரின் வயசளவு பழைய தொல்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் கார்லுக்குத் தெரியாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். காரில் அவ்வளவு தூரம் போனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. வழியில் இக்னிஷன் கம்பியின் உறை தேய்ந்துபோக, காலுறை கட்டும் பட்டியைச் சுற்றிக் கம்பிக்குக் காப்பு செய்துகொண்டு பயணத்தைத் தொடர்ந்தார் என்று சொல்வார்கள். வீட்டில் வயர் சோதிக்க இரண்டு வழி. நல்ல இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். கசிவு இருந்தால் நீலமாக மின்னும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அடித்தால் தூக்கிப் போடும். இன்னொன்று, எஞ்ஜினை அணைத்து வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்ப்பது. பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அது போய்விட்டது. எங்களுக்கு இரண்டு வயர்தான் தேறவில்லை, இரண்டும் அதே மூன்றாவது சிலிண்டருடையவை.

ஆக வாங்க வேண்டியது: காயில் ஒன்று, வயர் இரண்டு, ப்ளக் பன்னிரண்டு. ப்ளக்கை மட்டும் மொத்தமாக மாற்றியே ஆக வேண்டும், எல்லாம் ஒன்றாகத் தேய்ந்தவை. காயிலை மொத்தமாக மாற்றச் சொல்பவர்கள் ‘ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும்’ என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த எஞ்ஜினில் காயிலை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது, பத்து நிமிஷ வேலை. போகும்போது மாற்றிக்கொள்ளலாம். கையில் காசிருந்தால் ஒன்று கூடுதலாக வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள், போதும்.

எங்கே வாங்குவது என்பதில்தான் பெரிய மிச்சம். பென்ஸ் கம்பெனி காயிலோ ப்ளக்கோ செய்வதில்லை. காயிலை பாஷ் செய்கிறது. ப்ளக்கில் பாஷ், என்ஜிகே. வயரில் பெரு, பிரெமி போன்ற ஜெர்மன் பெயர்கள். பென்ஸ் நட்சத்திரம் போட்ட டப்பாவில் வந்தால் ஒரு விலை, செய்தவர் பெயர் போட்ட டப்பாவில் வந்தால் அதைவிடக் குறைந்த விலை. உள்ளே இருக்கும் சாமான் ஒரே தரம். பாஷ் நமக்கு அந்நியமும் இல்லை. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோதான் பின்னால் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மைக்கோ ப்ளக் என்று கேட்டு வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒரு ப்ளக்கில் 300 ரூபாய் மிச்சமானாலே பன்னிரண்டுக்கு 3,600 ஆகிறது. ஆனால் பெயரே தெரியாத டப்பாவில் கால் விலைக்கு வரும் காயிலை வாங்காதீர்கள். சூட்டில் ஒரு கோடைகூடத் தாங்காமல் போனவற்றைப் பார்த்திருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொண்டுபோங்கள். அதைப் போட்டால் பார்ட் நம்பர் வரும். ‘இ கிளாஸ், 2004’ என்று மட்டும் கேட்டால் வேறு எஞ்ஜின் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவது வீண்போகாது. புதுப்பேட்டைக்கும் போகலாம், பழைய வண்டி உடைத்த இடத்தில் ஃபில்டர் பெட்டி, க்ளிப், மூடி, பிராக்கெட் எல்லாம் கொள்ளை மலிவு. காயிலை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அதுவும் இருபது வருஷம் வெந்ததுதான்.

ப்ளக் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. இந்த எஞ்ஜினுக்கு என்ஜிகேயில் பிஎஃப்ஆர்5ஆர்-11. முதல் ‘பி’ ப்ளாட்டினம். ‘எஃப்’ திரெட்டின் அளவையும் நீளத்தையும் சொல்கிறது. அடுத்த ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பது. அது இல்லாத ப்ளக் போட்டால் பொறியின் இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பும். 5 என்பது சூட்டு எண். கடைசி 11, இடைவெளி 1.1 மில்லிமீட்டர். சூட்டு எண்ணில் ஒரு கண்ணி உண்டு. என்ஜிகேயில் எண் கூடினால் ப்ளக் குளிர்ச்சி. பாஷில் எண் கூடினால் ப்ளக் சூடு. பாஷின் 8-ம் என்ஜிகேயின் 5-ம் கிட்டத்தட்ட ஒன்று. “எட்டு இல்ல சார், ஏழு போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது” என்று கடையில் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

டூப்ளிகேட் நிறைய உலவுகிறது. டப்பாவை நம்பாமல் ஒன்றைப் பிரித்து நுனியைப் பாருங்கள். உண்மையான ப்ளாட்டினம் ப்ளக்கில் நடு முனை மெல்லியதாக இருக்கும், அதற்கு எதிரே வளைந்த முனையிலும் சின்னப் பொட்டுபோல ப்ளாட்டினம் ஒட்டியிருக்கும். போலியில் நடு முனை தடித்து, எதிரே பொட்டு இருக்காது. பீங்கான் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தாலும், திரெட் கரடுமுரடாக இருந்தாலும் வேண்டாம். பில் கொடுக்காத கடையும் வேண்டாம்.

மாட்டும் வேலை பொறுமை உள்ள யாரும் செய்யலாம். பஞ்சர் கடையில் காற்று வாங்கி, ப்ளக்கைச் சுற்றிய மண்ணை முதலில் ஊதிவிடுங்கள். இல்லையென்றால் கழற்றியதும் அது சிலிண்டருக்குள் விழும். எஞ்ஜின் தலை அலுமினியம். சூட்டில் கழற்றினால் திரெட் உரிந்து வரும், பிறகு லேத்தும் இன்சர்ட்டுமாக அலைய வேண்டும். எனவே காலையில், ஆறிய எஞ்ஜினில். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி அடுத்ததற்குப் போங்கள். 16 நம்பர் ப்ளக் சாக்கெட். பின்மூலைக்கு வளையும் ஜாயின்ட் வேண்டும். முதல் சுற்றுகள் கை விரலாலேயே போக வேண்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் 28 நியூட்டன் மீட்டர். தொப்பிக்குள் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் அடுத்த முறை ஒட்டிக்கொள்ளாது. வால்வு கவர் கேஸ்கட்டில் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். இந்த எஞ்ஜினில் அது அடிக்கடி வருவது, சொட்டும் ஆயில் வயர்த் தொப்பியைத்தான் முதலில் தின்னும்.

இன்னும் இரண்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வண்டி சூட்டில் சட்டென்று அணைந்து, அரைமணி ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனால், காயிலையும் ப்ளக்கையும் தொடவே வேண்டாம். கிராங்க் சென்சாரைப் பாருங்கள். எஞ்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒற்றை போல்ட்டில் நிற்கும் சின்ன சாமான். அது சூட்டில் கண் மூடினால் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இந்தக் குறைக்கு ஃப்யூயல் பம்ப்பையே மாற்றிய வண்டிகள் உண்டு. அடுத்தது, சாவி போடுகிற இக்னிஷன். இந்த வண்டியில் அது எலக்ட்ரானிக், சாவியும் வண்டியும் ஒன்றுக்கொன்று எழுதிவைக்கப்பட்டவை. பழைய கடையில் ஒன்றை வாங்கி மாட்டினால் ஓடாது. அங்கே சிக்கனம் பார்க்காமல் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதுதான் நல்லது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். பாதியில் தம்பியே ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். பின்மூலை ப்ளக் இரண்டையும் அவன்தான் மாட்டினான். ஒன்பதரைக்கு ஸ்டார்ட் செய்தபோது ஸ்டீயரிங் மேல் கையை வைத்து, “எஞ்ஜின் ஓடுதாண்ணா?” என்று கேட்டான். மொத்தச் செலவு அந்த எஸ்டிமேட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஏர் ஃப்ளோ சென்சாரை யாரும் தொடவில்லை. தை மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதி போய்வந்தான். அந்த வண்டியில் இன்றும் பழைய காயில் ஐந்தும் புதுக் காயில் ஒன்றும்தான் ஓடுகின்றன.